வாசகர் கேள்வி – பதில்: சர்க்கரை நோயும் அன்றாட டீயும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல டீயைப் பற்றியும், பசும்பாலுக்குப் பதிலாகக் கடைகளில் கிடைக்கும் ஓட்ஸ் பால், பாதாம் பால், சோயா பால் ஆகியவற்றைப் பற்றியும் கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து முறை டீ குடிக்கும் பழக்கம் உள்ளவன். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை சேர்த்துக்கொள்கிறேன். ஆனாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 150க்குக் கீழே இறங்கவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன், பசும்பாலை விட்டுவிட்டு ஓட்ஸ் பாலுக்கு மாறச் சொல்லிப் பாக்கெட்டுகளை வாங்கி வந்து வைத்திருக்கிறான். டீயை அடியோடு விட வேண்டுமா, பாலை மாற்றினால் போதுமா?
— ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: டீயை விட வேண்டியதில்லை, பாலை மாற்றுவதும் உங்களுடைய முதல் வேலை அல்ல. முதலில் நிறுத்த வேண்டியது அந்த நாட்டுச் சர்க்கரையைத்தான்.

தேயிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்; சர்க்கரையும் இதில் அடங்கும்) ஏறக்குறைய இல்லை. இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது அதில் நாம் சேர்ப்பவையும், அதனோடு சேர்த்துச் சாப்பிடுபவையும்தான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம் என்று கொண்டால், இரண்டு ஸ்பூன் வீதம் ஐந்து டீயில் நாளொன்றுக்கு 50 கிராம் சேர்ந்துவிடுகிறது. உணவில் தனியாகச் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 5 விழுக்காட்டுக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த அளவு பொதுவாக எல்லோருக்கும் சொன்னது. சர்க்கரை நோய் உள்ள நீங்கள் டீயின் வழியாக மட்டுமே அதைப் போல இரு மடங்கு எடுத்துக்கொள்கிறீர்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றில் தாதுக்கள் சிறிதளவு இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றின் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்துக்குள் போன பிறகு உடல் வெள்ளைச் சர்க்கரையையும் நாட்டுச் சர்க்கரையையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ‘வெள்ளையை விட்டுவிட்டோம்’ என்ற நிம்மதியில் அரை ஸ்பூன் கூடுதலாகப் போட்டுக்கொள்பவர்களை நாம் நிறையவே பார்க்கிறோம். அது மிகவும் கவலைக்குரியது.

அடுத்து பாலைப் பார்ப்போம். பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் பால் சர்க்கரையும், 3 கிராமுக்குச் சற்று மேல் புரதமும் உண்டு. ஒரு டீக்கு 50, 60 மில்லி பால் சேர்த்தால் 3 கிராம் அளவுக்கே மாவுச்சத்து வரும். ஓட்ஸ் பாலைத் தயாரிக்கும்போது ஓட்ஸ் மாவை நொதிகளைக் கொண்டு பதப்படுத்துகிறார்கள்; அந்த நொதிகள் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றிவிடுகின்றன. சர்க்கரை எதுவும் சேர்க்காமலேயே அந்தப் பால் இனிப்பதற்கு அதுவே காரணம். மால்டோஸ் இரத்தத்தில் மிக விரைவாகச் சேரும் இயல்புடையது. பெரும்பாலான ஓட்ஸ் பால்களில் 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் மாவுச்சத்தும், ஒரு கிராம் அளவே புரதமும் இருக்கும். எனவே பசும்பாலை விட்டு ஓட்ஸ் பாலுக்கு மாறுவதால் இரத்தச் சர்க்கரையில் உங்களுக்கு லாபம் ஏதும் இல்லை. மகன் அன்போடு வாங்கி வந்ததை வீணாக்க வேண்டாம். ஒரு டீக்கு 50 மில்லி ஊற்றிக்கொள்வதால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. அதையே ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் காய்ச்சிக் குடிப்பதுதான் கூடாது.

தாவரப் பால் பாக்கெட் எதை வாங்கினாலும், முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கத்து ஊட்டச்சத்து அட்டவணையில் 100 மில்லிக்கு எவ்வளவு கார்போஹைட்ரேட், எவ்வளவு புரதம் என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். இனிப்புச் சேர்க்காத சோயா பாலில் மாவுச்சத்து குறைவு. புரதம் பசும்பாலுக்கு நிகராக இருக்கும். இனிப்புச் சேர்க்காத பாதாம் பாலில் மாவுச்சத்து மிகமிகக் குறைவு என்றாலும், அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கொடுக்கும் விலைக்குப் புரதம் ஒன்றும் கிடைப்பதில்லை. அதே பாதாம் பால் இனிப்புச் சேர்த்தும் விற்கப்படுகிறது. கடையில் இரண்டும் ஒரே அடுக்கில் அடுத்தடுத்து நிற்கும் என்பதால் அட்டவணையைப் பார்த்தே எடுக்க வேண்டும். தேங்காய்ப் பாலில் மாவுச்சத்து குறைவு. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. எனவே அது தினமும் ஐந்து டீக்கு உரியது அல்ல.

சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்துவது கடினமாக இருந்தால், வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்து வாருங்கள். நாக்கு தானாகப் பழகிக்கொள்ளும். ஏலக்காயோ சுக்கோ தட்டிப் போட்டால் இனிப்பு இல்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. கடையில் குடிப்பதானால் சொல்லி வாங்குங்கள். சில கடைகளில் பாலைக் காய்ச்சும்போதே சர்க்கரையைச் சேர்த்துவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் செய்த பிறகும் வெறும் வயிற்று அளவு 150இலேயே நின்றால் அதற்கு டீயைக் குறை சொல்ல முடியாது. இரவில் கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையும் மாத்திரையின் அளவும் அதில் பங்கு வகிப்பதால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை இருப்பதே இலக்கு. வயதையும் பிற நோய்களையும் பொறுத்து உங்கள் இலக்கை மருத்துவர் முடிவு செய்வார்.

கேள்வி: சர்க்கரை போடாமல் குடித்தால் எத்தனை டீ வேண்டுமானாலும் குடிக்கலாமா?
— ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, ஒரு நாளில் உடலில் சேரும் கஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு கோப்பை டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கிறது. தேயிலையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், உணவிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீயைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. நம் பகுதிக்கென்றே கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இங்குள்ள நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃப்ளோரைடு மிகுதியாக இருந்ததனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. தேயிலைச் செடியும் மண்ணிலுள்ள ஃப்ளோரைடைத் தன் இலைகளில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே போர்வெல் தண்ணீரில் டீ போட்டுப் பல முறை குடிப்பதைத் தவிர்த்து, காவிரித் தண்ணீர் வரும் ஊர்களில் அதையே பயன்படுத்துங்கள். நாளுக்கு மூன்று டீ போதும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: அம்மா, எங்கள் வீட்டில் என் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. ராகி சர்க்கரைக்கு நல்லது என்று, ராகியை இரவில் ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிப் பால் எடுத்து, காலையில் டீக்குப் பதிலாக ஒரு பெரிய டம்ளர் காய்ச்சிக் குடிக்கிறார். அதன் பிறகு வழக்கம்போல நான்கு இட்லியும் சாப்பிடுகிறார். சர்க்கரை முன்பைவிடக் கூடிவிட்டது. காரணம் சொல்ல வேண்டுகிறேன்.
— ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: ராகியின் பெருமையில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. வேறெந்தத் தானியத்திலும் இவ்வளவு கிடையாது. ஆனால் ராகியில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அதோடு இங்கே தயாரிக்கும் முறையும் சேர்ந்துகொள்கிறது. அரைத்த ராகியைத் துணியில் வடிகட்டும்போது, சர்க்கரை மெதுவாக இரத்தத்தில் சேர உதவும் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. வடிந்து வருவது வெறும் மாவுப்பால். அதைக் காய்ச்சும்போது மாவு வெந்து கூழாகி, மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் சில நிமிடங்களில் வயிற்றுக்குள் போய், மிக எளிதாகச் செரித்துவிடுகிறது. குழந்தைகளுக்கு நம் வீடுகளில் ராகிப் பால் கொடுப்பது எளிதில் செரிக்கும் என்பதற்காகத்தானே? குழந்தைக்கு நன்மையான அந்தக் குணமே சர்க்கரை நோயாளிக்குப் பொருந்தாமல் போகிறது. தவிர, உங்கள் மாமியார் அதை டீக்குப் பதிலாகக் குடிக்கிறார் என்றாலும், கணக்குப்படி அது இன்னொரு காலை உணவு. 30 கிராம் ராகியிலிருந்து எடுத்த பாலில் 20 கிராமுக்கு நெருக்கமாக மாவுச்சத்து வரலாம். அதற்கு மேல் நான்கு இட்லி என்றால் ஏறாமல் என்ன செய்யும்?

அவரிடம் ராகியை நிறுத்தச் சொன்னால் மனம் வருந்துவார், நிறுத்தவும் வேண்டியதில்லை. வடிகட்டாத ராகி மாவில் களியாகவோ அடையாகவோ, காலையிலோ மதியத்திலோ ஏதேனும் ஒரு வேளைக்கு, இட்லிக்கும் சோற்றுக்கும் மேல் கூடுதலாக அல்லாமல் அவற்றுக்குப் பதிலாகக் கொடுங்கள். களி உருண்டையைச் சிறிதாக்கி, கீரைக் கடைசலையோ அவரைக்கொட்டைக் குழம்பையோ தாராளமாக ஊற்றிக் கொடுத்தால், கீரையின் நாரும் பயறின் புரதமும் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கும். காலையில் சூடாக ஏதேனும் வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாத பால் டீயே ராகிப் பாலைவிட நல்லது. இதை அவர் நேரில் கண்டு நம்ப வேண்டுமானால், ஒரு நாள் ராகிப் பாலும் மறுநாள் சர்க்கரையில்லா டீயும் குடிக்கச் செய்து, குடிப்பதற்கு முன்பும் குடித்த ஒரு மணி நேரத்துக்குப் பின்பும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். அந்த ஒரு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் வேர்க்கடலை பயிரிடும் விவசாயக் குடும்பம். வீட்டிலேயே கடலைப் பால் எடுத்து டீ போடலாமா? ஒரு முறை முயன்றபோது பால் திரிந்து, மேலே திட்டுத் திட்டாக மிதந்தது.
— ஒரு வாசகர், பர்கூர்

பதில்: தாராளமாகப் போடலாம். நம் மண்ணில் விளைவதைக் கொண்டு வீட்டிலேயே எடுக்கக்கூடிய தாவரப் பால்களில், சர்க்கரை நோயாளிக்கு மிகவும் ஏற்றது கடலைப் பால்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கடலையில் மாவுச்சத்து ஏறத்தாழ 5 கிராம்தான்; வடிகட்டிய பாலில் அது இன்னும் குறைவாகவே இருக்கும்.

கடலையை ஆறு மணி நேரமாவது ஊறவைத்து, தோலைத் தேய்த்து நீக்கி, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து மெல்லிய துணியில் பிழியுங்கள். ஒரு கைப்பிடிக் கடலைக்கு ஒரு டம்ளர் பால் என்பது சரியான பதம். பிழிந்த பாலை மிதமான தீயில், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே சில நிமிடங்கள் கொதிக்கவிடுங்கள்; பச்சை வாசனை போய்விடும். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது என்று ஒரு பருப்பு தெரிந்தாலும் அதை எடுத்து எறிந்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் உருவாகும் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. அது கல்லீரலைப் பாதிக்கும்.

பால் திரிந்ததற்குக் காரணம் நாம் டீ போடும் முறைதான். தேயிலை, இஞ்சி, பால் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பொங்கப் பொங்கக் கொதிக்கவிடுவதைப் பசும்பால் தாங்கிக்கொள்ளும். கடலைப் பாலிலும் சோயா பாலிலும் உள்ள புரதம், கொதிக்கும் டிக்காஷனின் சூட்டிலும் அதன் இலேசான புளிப்பிலும் திரண்டுவிடும். எனவே டிக்காஷனைத் தனியாகக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். பாலைத் தனியாகச் சூடாக்கிக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு, அதில் டிக்காஷனைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். பாலைக் கொண்டுபோய் டிக்காஷனில் கொட்டாதீர்கள். இஞ்சிக்குப் பதிலாகச் சுக்கோ ஏலக்காயோ போடுங்கள். அடியில் சற்றுப் படியும் என்பதால் குடிக்கும்போது ஒரு முறை கலக்கிக்கொள்ள வேண்டும். பிழிந்த சக்கையை வீணாக்காமல் துவையலில் சேர்த்துவிடலாம். நார்ச்சத்தும் புரதத்தில் ஒரு பகுதியும் அதில்தான் இருக்கின்றன. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.1 இருப்பதால் சர்க்கரை வரும் நிலையில் இருப்பதாக மருத்துவர் கூறினார். அதிலிருந்து டீயில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுகர்-ஃப்ரீ மாத்திரை போட்டுக்கொள்கிறேன். கூடவே இரண்டு ரஸ்க் மட்டும். இது போதுமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: அந்த இரண்டு ரஸ்க்தான் உங்கள் டீயின் சர்க்கரை. ரஸ்க் என்பது மைதாவும் சர்க்கரையும். இரண்டு ரஸ்க்கில் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து வந்துவிடும், பேக்கரியில் வாங்கும் பெரிய ரஸ்க்கில் இன்னும் அதிகம். ‘சுகர்-ஃப்ரீ’ என்று விற்கும் பிஸ்கட்டிலும் மைதா இருக்கத்தான் செய்கிறது. இரவு நேரத்தில் உடலின் சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைந்திருக்கும் என்பதால், பகலில் தாங்குகிற அளவு இரவில் தாங்காது. அவித்த கொள்ளோ தட்டைப்பயறோ சுண்டலாக ஒரு சிறிய டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். அது முடியாத நாளில் வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி போதும். ஷிப்ட் முடிவதற்குச் சில மணி நேரம் முன்பே கடைசி டீயைக் குடித்துவிட்டால், வீட்டுக்குப் போனதும் தூக்கம் கெடாது. தூக்கக் குறைவும் இன்சுலினின் வேலையைத் தடை செய்யக்கூடியதே. செயற்கை இனிப்புகளை எடை குறைப்பதற்கான வழியாகக் கொள்ள வேண்டாம் என்று 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அல்ல; உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும். சில மாதங்களுக்கு அந்த மாத்திரையைத் துணையாக வைத்துக்கொண்டு, பின்னர் அதையும் விட்டுவிடப் பாருங்கள்.

கேள்வி: ஆவாரம்பூ டீ குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்களே?
— ஒரு வாசகி, அரூர்

பதில்: நிறுத்தக் கூடாது. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற சொலவடை நம் கரடுகளிலும் சாலை ஓரங்களிலும் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் அந்தச் செடியின் மீது மக்கள் வைத்திருக்கும் மதிப்பைக் காட்டுகிறது. சர்க்கரையில்லா பானமாக அதை ருசிக்காகக் குடிக்கலாம். ஆனால் மாத்திரைக்கு ஈடாக அதை நம்புவதற்குரிய மருத்துவச் சான்று இல்லை. மாத்திரையோடு சேர்த்துத் தினமும் குடிக்க விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். ஓராண்டாகப் பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டீக்குப் பாதாம் பால் மட்டும் சேர்க்கிறேன். சைவ உணவுதான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது; ஆனால் பாதங்களில் மதமதப்பும் ஓயாத களைப்பும் இருக்கின்றன. இது சர்க்கரையால் வருவதுதானா?
— ஒரு வாசகி, ஊத்தங்கரை

பதில்: சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டும் இருக்கலாம். ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன்னால், வைட்டமின் பி12 அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் தயவுசெய்து கேளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்துக்கொள்பவர்களுக்குப் பி12 உடலில் சேர்வது குறையக்கூடும். சைவ உணவு உண்பவர்களுக்கு அந்தச் சத்து கிடைக்கும் வழியே பாலும் தயிரும் மோரும்தான். அவற்றையும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். தாவரப் பால் எதிலும் இயல்பாகப் பி12 கிடையாது; தயாரிப்பவர்கள் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு, அதையும் பாக்கெட்டில் பார்த்தே அறிய வேண்டும். குறைபாடு இருந்தால் மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடக்கூடும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பால் ஒத்துக்கொள்ளாததால் நிறுத்தியிருந்தால் ஒழிய, சர்க்கரைக்குப் பயந்து மோரையும் தயிரையும் விட்டிருக்க வேண்டியதே இல்லை.

மாத்திரையைத் தொடர்வதும் அளவைச் சோதிப்பதும் வயதானவர்களுக்குச் சிரமமாக இருந்தால், வீடு தேடி வந்து சோதித்து மாத்திரை கொடுக்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

கேள்வி: என் தந்தைக்கு இன்சுலினும் மாத்திரையும் உண்டு. சில நாள் மாலையில் வியர்த்துக் கை நடுங்குகிறது. உடனே டீ போட்டுக் கொடுக்கிறோம். அவர் குடிப்பது சர்க்கரை போடாத டீ என்பதால் பயனில்லையோ என்று அஞ்சுகிறேன்.
— ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி ஆகியவை சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் அடையாளங்கள். 70க்குக் கீழே போனால் உடனே செயல்பட வேண்டும். அப்போது சர்க்கரையில்லா டீயோ தாவரப் பாலோ உதவாது. சர்க்கரை போட்ட பால் டீயும் போதாது. பாலின் கொழுப்பு சர்க்கரை சேரும் வேகத்தைக் குறைக்கும், சூடாக இருப்பதால் மளமளவென்று குடிக்கவும் முடியாது. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியை, அதாவது ஏறத்தாழ 15 கிராமை, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு ஏதேனும் சிற்றுண்டி கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் இல்லாத நேரத்தில் வீட்டுச் சர்க்கரையும் உதவும். ஆனால் அவருடைய மாத்திரைகளில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால், அவை வீட்டுச் சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்தும் என்பதால் குளுக்கோஸ் பொடியேதான் வேண்டும். மாத்திரை அட்டையில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். அடிக்கடி மாலையில் இப்படி வருகிறது என்றால் இன்சுலின் அளவையோ மாலைச் சிற்றுண்டியையோ மாற்ற வேண்டியிருக்கும். எந்த நாள், எத்தனை மணி, அப்போது எவ்வளவு இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.